கூரைக்குத் தைத்த மெத்தை

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஊசிப்பெட்டியும் கையுமாகக் காலையில் உள்ளே நுழைகிறேன், முற்றத்துச் சரளைக்கல்லின் மேல் தலைமையாசிரியை முட்டி போட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளைக் கைத்தறிச் சேலை, வட்டக் கண்ணாடி, பருத்த உடம்பு, முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் வாட்ச்மேன் இதெல்லாம் தினமும் நடப்பதுதான் என்பதுபோல முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். வேதக்காரர், கோயிலுக்குத் தவறாமல் போகிறவர் என்று கேள்விப்பட்டிருந்ததால் ஜெபம் செய்கிறாராக்கும் என்று நானும் ஒதுங்கி நின்றேன். மணி அடித்ததும் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“ஏம்மா தையலு, செத்த தோளக் குடு. எந்திரிக்க முடியல.”

விஷயம் பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் சரித்திர டீச்சர் ஒரு பிள்ளையை அதே இடத்தில் ஒரு பீரியடு முழுக்க முட்டி போடவைத்திருக்கிறார். “சின்னத் தண்டனைதானே” என்றும் சொல்லியிருக்கிறார். சின்னதா பெரியதா என்று பார்க்க இவர் ஒரு பீரியடு முட்டி போட்டுப் பார்த்தார். அன்றோடு அந்தத் தண்டனை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒழிந்தது. சரித்திர டீச்சர் ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. என் தோள் இரண்டு நாள் வலித்தது.

அவருக்கு ஒரு பேர் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. திண்டுக்கல்லில் கடைத்தெருவில் நின்று “பெரிய டீச்சர்” என்றால் போதும், வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். என்னை அவர் கடைசிவரைக்கும் “தையலு” என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் கோபம், நிறையப் பெருமை.

“இருந்து பாக்காம எப்பிடிச் சொல்றது?” இதுதான் அவர் வாயில் ஓயாமல் வரும் பேச்சு. ஊரில் வைசூரிக்கு ஊசி போட வந்தால் முதல் கை அவருடையது. பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிப் பால்பவுடர் மூட்டை வந்து இறங்கியது. கரைத்து முதல் டம்ளரை அவர்தான் குடித்தார். அன்று மத்தியானம் அவரை ஆபீஸ் அறையில் பார்ப்பதைவிடக் கொல்லைப்பக்கம் பார்ப்பது சுலபமாக இருந்தது. மூட்டை வந்த வழியே திரும்பிப் போனது.

இன்னொரு வருசம், சித்திரை வெயிலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம்வரை நடந்து வந்தார். எரியோடு, வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் காலில் செருப்பு கிடையாது, அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். வந்ததும் வராததுமாகத் தொட்டித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கியது. ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். காலைச் சுட்டுக்கொண்டு பேசியவர் இவர் ஒருத்தர்தான்.

இதனால் ஊருக்கு அவர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. “பெரிய டீச்சர் இருந்து பாத்துட்டாங்களாம்” என்றால் முடிந்தது, அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இந்த நம்பிக்கைதான் பிறகு ஒரு பிள்ளையின் கழுத்துக்கு வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தத் தகரக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவரை எட்டாம் வகுப்புவரைதான். எட்டு முடித்த பெண்பிள்ளைகளுக்கு ஊரில் மிச்சமிருந்தது பையன்கள் பள்ளிக்கூடம். அங்கே எந்தத் தகப்பன் அனுப்புவான்? வீட்டில் உட்காரவைத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள். பெரிய டீச்சர் நடையாய் நடந்து மேல் வகுப்புகளுக்கு அனுமதி வாங்கினார். கமிட்டியில் இருந்தவர்கள் ஊர் வியாபாரிகள். அவர்களில் செக்ரட்டரி, புகையிலைக் குடோன் வைத்திருந்தவர், தாராளமான மனிதர். கீற்றுக் கொட்டகை தீப்பிடிக்கும் என்று பயந்து, தன் செலவில் தகரக் கூரை போட்டு நீளமாக ஒரு கொட்டகை கட்டிக்கொடுத்தார். திறப்புவிழா மார்கழியில் நடந்தது. அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மாசி பிறந்ததும் தெரிந்தது. பத்து மணிக்குத் தகரம் டொப் டொப்பென்று சத்தம் போட ஆரம்பிக்கும். பன்னிரண்டுக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. பிள்ளைகள் தாவணித் தலைப்பால் விசிறிக்கொள்வார்கள், பிறகு தலையைச் சாய்ப்பார்கள், பிறகு யாராவது ஒருத்தி மயங்கி விழுவாள். மத்தியானத்துக்கு மேல் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். செக்ரட்டரி கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: “டீச்சர், மத்தியானத்துல பிள்ளைக உக்காரலைன்னா மேல் வகுப்ப மூடச் சொல்லிருவாக. கல்வி ஆபீஸ்ல கேட்டுட்டாக.”

அந்தக் கோடை லீவு முழுவதும் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. கூரைக்கு என்ன போடுவது என்று பார்ப்பதுதான் வேலை. கூரைக்குப் போடுவதை எப்படிப் பார்ப்பது? அவருக்குத் தெரிந்த வழியில்தான். கொட்டகைக்குள் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உச்சிவெயிலில் போய் உட்கார்ந்தார்.

முதலில் தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். கொஞ்சம் தேவலை என்றார். கைக்குட்டையைப் பிழிந்து காட்டினார். முன்பைவிடக் குறைவாகத்தான் வேர்வை சொட்டியது. அடுத்து, தகரத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டு மூங்கில் தட்டியைக் கட்டி, அதன் மேல் எதையாவது பரப்பினால் சூடு கீழே இறங்காது என்று கொட்டகை கட்டிய ஆசாரி சொன்னார். தட்டி கட்டியாயிற்று. எதைப் பரப்புவது என்பதில்தான் எங்கள் பாடு ஆரம்பித்தது.

வைக்கோல் போட்டார்கள். இவர் போய் உட்கார்ந்தார். என்னையும் உட்காரவைத்தார். அரைமணி நேரத்தில் கழுத்திலும் முதுகிலும் என்னென்னவோ ஊர்ந்தது. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் சொறியத் தோன்றுகிறது. வைக்கோலைப் பிரித்துவிட்டு உமியைக் கொட்டினார்கள். சோடாக்கடையில் ஐஸ்கட்டியை உமிக்குள்தானே புதைத்துவைக்கிறார்கள், அதனால் உமிதான் சரி என்று எனக்குத் தோன்றியது. ஐஸ்கட்டி வாங்கிவந்து வைத்துப் பார்க்கலாமே என்று புத்திசாலித்தனமாகச் சொன்னேன்.

“ஐஸ்கட்டியா தையலு வந்து பாடம் படிக்கப் போகுது?” என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

உமி சூட்டை நன்றாகத்தான் தடுத்தது. ஆனால் காற்று அடிக்கும்போதெல்லாம் தட்டி இடுக்கு வழியாகத் தூசி கொட்டியது. உமியில் கிடந்த நொய்யரிசியைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடி ஒரு சாரைப்பாம்பு வந்தது. அது தட்டியிலிருந்து பாதி உடம்பைத் தொங்கவிட்டு எட்டிப் பார்த்தபோது பெரிய டீச்சர் கீழே உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலிருந்து அலறினேன். அவர் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது மேலே ஏறிப்போனதும் வெளியே வந்து, “உமி வேணாம். பாம்புக்கும் சேத்துல்ல பாடம் நடத்தணும்” என்றார். நாற்காலியை எடுக்க மட்டும் உள்ளே போகவில்லை.

அப்போதுதான் செக்ரட்டரி அந்த யோசனையைச் சொன்னார். அவர் குடோனுக்குப் பின்னால் புகையிலைக் காம்பு மலையாகக் குவிந்துகிடந்தது. இலையைக் கிழித்து எடுத்த பிறகு மிஞ்சும் காம்பு. தென்னைக்கு உரமாகப் போட யாராவது கேட்டால் கொடுப்பார், இல்லாவிட்டால் கிடக்கும். காய்ந்த காம்பு, லேசானது. எலி கிட்டே வராது, கரையான் வராது, பாம்பு வராது. வண்டி வண்டியாக அனுப்புகிறேன் என்றார். எங்கள் எல்லாருக்கும் அது பிரமாதமான யோசனையாகத் தெரிந்தது.

அது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். திண்டுக்கல்லில் புகையிலை வாசம் என்பது ஒரு வாசமே இல்லை. எங்கள் வீடு ஒரு குடோனுக்கு அடுத்த சந்தில் இருந்தது. அந்த வாசத்தில்தான் பிறந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் காம்பு கிழிக்கப் போகிறவர்கள். சேலையில் அந்த வாசத்தோடுதான் அவர்கள் பிள்ளைகளை அணைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் ஒருத்தர் மூக்கு தனியாக எடுத்துச் சொல்லுமா?

காம்பைப் பரப்பினார்கள். பெரிய டீச்சர் மூன்று நாள் மத்தியானம் உள்ளே உட்கார்ந்தார். பூச்சி விழவில்லை. தூசி விழவில்லை. சூடும் நன்றாகக் குறைந்திருந்தது. மூன்றாவது நாள் உள்ளேயே லேசாகக் கண்ணயர்ந்துவிட்டார். “பாஸ்” என்றார். செக்ரட்டரி கமிட்டிக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் திறந்தது. மத்தியானத்திலும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். புதிதாக ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பொன்னுத்தாயி என்று ஒருத்தி. நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை போடுகிற குடும்பம். இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வந்திருந்தாள். வளர்ந்த பிள்ளை என்பதால் கடைசிப் பெஞ்சில், மேற்குச் சுவரோரம் இடம் கொடுத்தார்கள். தையலில் நல்ல கை. எம்பிராய்டரியில் அவள் போடும் பூவை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், அடிப்பக்கமும் சுத்தமாக இருக்கும்.

ஆனி மாசத்தில் ஒரு சாயங்காலம் நல்ல மழை அடித்தது. மறுநாள் வெயில் சுள்ளென்று ஏறியது. மத்தியானம் பொன்னுத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சாப்பாடு சேரவில்லை போலிருக்கிறது என்று இஞ்சிச் சாறு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வாந்தி. அடுத்த வாரமும். மற்ற பிள்ளைகள் தலைவலி என்று சொன்னார்கள். தலைவலி என்று பிள்ளைகள் சொல்வது எந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இல்லை?

பதினைந்து வயசுப் பெண்பிள்ளை மத்தியானத்தில் வாந்தி எடுத்தால் ஊர் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்காரி நாள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் கேட்டாள், எதிர்வீட்டில் கேட்டாள். பெரிய டீச்சர் காதுக்குப் பேச்சு வந்ததும் அவர் என்ன செய்தார்? அவருக்குத் தெரிந்ததைத்தான் செய்தார். பொன்னுத்தாயியின் இடத்தில், மேற்குச் சுவரோரம், ஒரு மத்தியானம் முழுக்கப் போய் உட்கார்ந்தார். வெளியே வந்து குழப்பத்தோடு சொன்னார்: “ஒண்ணுமே இல்லையே தையலு. நல்லாத்தான இருக்கு.”

அவர் நல்லெண்ணத்தில் சொன்ன சொல்தான். அன்று சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. பெரிய டீச்சரே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டாராம், கொட்டகையில் ஒன்றுமில்லையாம். அப்படியென்றால் குறை எங்கே? பிள்ளையிடம்தான். அத்தைக்காரி நிலக்கோட்டைக்குத் திரும்பும் பூ வேனில் ஆளிடம் சொல்லி அனுப்பினாள்.

பொன்னுத்தாயியின் அப்பா மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். ஒல்லியான மனிதர். துண்டை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. செக்ரட்டரியும் வேறு காரியமாக அங்கே வந்திருந்தார். பிள்ளை தூணோரம் தலைகுனிந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“டீச்சரம்மா, நான் ஒங்களக் குத்தஞ் சொல்ல வரல” என்றார் அவர். “நீங்களே உக்காந்து பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டீக. அப்பறம் என்ன இருக்கு? பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன். ஆவணியில ஒரு நாளப் பாத்து எவன் கையிலயாச்சும் பிடிச்சுக் குடுத்துருதேன்.”

“நான் ஒண்ணும் பண்ணலப்பா” என்றாள் பொன்னுத்தாயி. சத்தமே வரவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை.

பெரிய டீச்சர் எழுந்தார். “ஐயா, கூட்டிட்டுப் போறது பெறவு. பிள்ள உக்காந்த எடத்த நீங்களும் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க” என்றார். அந்த மனிதர் முகத்தில் நிம்மதி தெரிகிற மாதிரி எதையாவது காட்டிவிட முடியாதா என்றுதான் கூட்டிக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம்.

கொட்டகை வாசலில் கால் வைத்ததும் அவர் துண்டை உருவி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“ஆத்தாடி! என்ன இது, இம்புட்டு நெடி அடிக்குது?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “நெடியா?” என்றார் பெரிய டீச்சர்.

“போயில நெடிம்மா. தொண்டையப் பிடிக்குதே. ஒங்களுக்குத் தெரியலையா?”

“நம்ம ஊருல எங்க நின்னாலும் இப்பிடித்தான்யா இருக்கும்” என்று சிரித்தார் செக்ரட்டரி. வாட்ச்மேன் ஓடிப்போய்க் கூட்டிவந்த ஆசாரி மேலே ஏறிக் கையை விட்டுப் பார்த்தார். மேற்கு மூலையில் ஆணி ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, காம்பெல்லாம் நனைந்து, சூட்டில் வெந்துகொண்டிருந்தது. நேர் கீழே பொன்னுத்தாயியின் இடம்.

பெரிய டீச்சர் அண்ணாந்து அந்த மூலையைப் பார்த்தார். பிறகு பொன்னுத்தாயியின் அப்பாவிடம் கேட்டார்: “ஐயா, நீங்க போயில போடுவீகளா?”

“வெத்தலையே கெடையாதும்மா. எங்க வீட்டுல யாருக்கும் அந்தப் பழக்கமில்ல.”

பெரிய டீச்சர் தன் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்தார். அதில் ரூபாயும் ஜெபமாலையும் இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதற்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். நல்ல கறுத்த திண்டுக்கல் புகையிலை. ஒரு துண்டைக் கிள்ளி, செக்ரட்டரி பார்க்க, நாங்கள் பார்க்க, பிள்ளைகள் ஜன்னல் கம்பி வழியாகப் பார்க்க, கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டார்.

“பல்வலிக்குப் பழகுனது. விடல. தெனமும் சாப்பாட்டுக்குப் பெறகு கதவச் சாத்திக்கிட்டு இதத்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன். இந்த நெடி எனக்குத் தெரியாது, தலையும் சுத்தாது. என் ஒடம்புக்குத் தெரியலைங்கிறத வெச்சு நல்லாருக்குன்னு ஊருக்கே சொல்லிட்டேன். ஒங்க பிள்ள மேல ஒரு குத்தமும் இல்லய்யா. குத்தம் எம் மேல.”

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அறைக் கதவு சாத்தியிருந்தால் நாங்கள் மெதுவாக நடப்போம், ஜெபத்தைக் கெடுக்கக் கூடாது என்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு தலைமையாசிரியை, அதுவும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத பெண்பிள்ளை, புகையிலை போடுகிறவள் என்று தெரிந்தால் என்ன பேச்செல்லாம் வரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தானே இத்தனை வருசம் கதவைச் சாத்தினார்.

அந்த மனிதர் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். உள்ளே போய் மகளின் பெஞ்சில், அவள் இடத்தில், உட்கார்ந்தார். இருந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தியது. தகரம் சத்தம் போட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வெளுத்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து தள்ளாடி வெளியே வந்து, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

பொன்னுத்தாயி ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாயைக் கொப்புளித்துவிட்டு, அன்று முதல் தடவையாக மகள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கே கொடலப் பிடுங்குதே ஆத்தா. நீ எப்பிடித்தா இம்புட்டு நாளு உக்காந்திருந்த?”

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நாங்கள் எல்லாரும் அழுதோம். செக்ரட்டரி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காம்பை அள்ள ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் அன்று மகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அத்தைக்காரி வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி நாலு வார்த்தை கேட்டுவிட்டு, தனியாக பஸ் ஏறினார். ஆனால் எங்கள் பிரச்சினை தீரவில்லை. காம்பை அள்ளியதும் கொட்டகை பழையபடி அடுப்பானது. மேல் வகுப்புக்கு மரத்தடியில் பாடம் நடந்தது. காலாண்டுப் பரீட்சைக்குள் கூரை சரியாகாவிட்டால் அனுமதி போய்விடும் என்று ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். அனுமதி போனால் பொன்னுத்தாயியின் அப்பா எத்தனை நல்லவராக இருந்தாலும் ஆவணி இல்லாவிட்டால் தையில் கல்யாணம்தான்.

கமிட்டியில் வேறு முணுமுணுப்பு எழுந்தது. புகையிலை போடுகிற பொம்பளை பெண்பிள்ளைகளுக்கு என்ன ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பாள் என்று ஒருவர் கேட்டாராம். செக்ரட்டரி எழுந்து, “இங்க உக்காந்திருக்க எல்லாரு வீட்டுச் சோறும் அந்தப் போயிலையிலதான் வேகுது. அவுக போட்டா மட்டும் கசக்குதாக்கும்?” என்று கேட்டிருக்கிறார். பேச்சு அதோடு அடங்கியது. ஆனால் கடைத்தெருவில் பெரிய டீச்சர் போகும்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கத்தான் செய்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

அவரும் பழக்கத்தை விட்டுவிடுகிறேன் என்று கிளம்பினார். ஊர்ப் பேச்சுக்காக இல்லை. அடுத்துக் கூரையில் போடப்போவதைப் பிள்ளைகளைப் போல உணர்கிற ஒரு உடம்பு தனக்கு வேண்டும் என்று. அந்த ஒரு வாரத்தை நாங்கள் யாரும் மறக்க முடியாது. வாட்ச்மேனைத் திட்டினார், அவர் அடித்த மணியைத் திட்டினார், என் ஊசியைத் திட்டினார். பிரேயரில் பாதியில் பாட்டை மறந்தார். கடைசியில் பள்ளிக்கூடத்து ஆயாவே ஒரு பொட்டலத்தை வாங்கிவந்து மேசை மேல் வைத்துவிட்டு, “போட்டுக்கிருங்க டீச்சர், பிள்ளைக பாவம்” என்று கும்பிட்டாள். போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தவில்லை.

கூரைக்கு மறுபடியும் உமிதான் என்று முடிவானது. ஆனால் இந்தத் தடவை நானும் சும்மா இருக்கவில்லை. உமியை நன்றாகப் புடைத்து நொய் நீக்கி, சுண்ணாம்புத் தூள் கலந்து வெயிலில் உலர்த்தினோம். எலிக்குத் தின்ன ஒன்றுமிருக்காது, பூச்சிக்குச் சுண்ணாம்பு ஆகாது. அதைத் தட்டியில் அப்படியே கொட்டாமல் சாக்கில் அடைத்து மெத்தை மாதிரித் தைத்துவிட்டால் தூசி எப்படி விழும்? தையல் வகுப்பு முழுக்கக் கோணி ஊசியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது. எம்பிராய்டரி போட்ட கையெல்லாம் சணல் நூலில் கிழிந்தது. உமி ஒரு பக்கம் ஒதுங்காமலிருக்க மெத்தைக்குக் குறுக்குத் தையல் போட வேண்டும் என்று சொன்னவள் பொன்னுத்தாயி. ஆசாரி ஓட்டைகளை அடைத்து, தகரத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் நிற்கும் சூடு வெளியே போகட்டும் என்று இரண்டு பக்கச் சுவரிலும் உச்சியில் துவாரம் விட்டு, குருவி வராமல் கம்பிவலை அடித்தார். “கூரைக்கு மெத்த போட்ட ஒரே பள்ளிக்கூடம் நம்மளதுதான்” என்று செக்ரட்டரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புரட்டாசி வெயில். மெத்தையெல்லாம் மேலே ஏற்றிய மறுநாள் உச்சிப்பொழுது. செக்ரட்டரி, ஆசாரி, நாங்கள் எல்லாரும் கொட்டகை வாசலில் நின்றோம். வாட்ச்மேன் வழக்கம்போல நாற்காலியைக் கொண்டுவந்து உள்ளே போட்டார். பெரிய டீச்சர் அதைப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

“பொன்னுத்தாயி, நீ போய் உக்காருத்தா.”

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தையலை எடுத்துக்கொண்டு போய்த் தன் பழைய பெஞ்சில், மேற்குச் சுவரோரம் உட்கார்ந்தாள். பெரிய டீச்சர் வெளியே வெயிலில் குடைக்குக் கீழே நின்றார். நிற்க முடியாமல் நடந்தார். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறர் உட்கார்ந்திருக்கும்போது வெளியே நிற்க வேண்டியிருந்தது அவருக்கு அதுதான் முதல் தடவை. கன்னத்தில் ஒதுக்கியிருந்ததை மெல்லக்கூட மறந்துபோயிருந்தார்.

வெயில் சாய ஆரம்பித்தபோதுதான் உள்ளே போனார். நாங்களும் போனோம். அவள் பக்கத்தில் நின்று, இத்தனை வருசத்தில் நான் அவர் வாயில் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

“ஒனக்கு எப்பிடித்தா இருக்கு?”

அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். நல்லாருக்கு என்று சொல்லிவிடேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. செக்ரட்டரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் மேலே பார்த்தாள், புறங்கையால் கழுத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டாள், மூச்சை இழுத்து விட்டாள்.

“சூடு இருக்கு டீச்சர்.”

செக்ரட்டரி கட்டியிருந்த கையைத் தொங்கவிட்டார்.

“ஆனா உக்காந்து படிக்கலாம்” என்றாள்.

பெரிய டீச்சர் செக்ரட்டரி பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டீகளா ஐயா? படிக்கலாமாம். ஆபீஸ்ல இதத்தான் சொல்லப் போறேன். பெரிய டீச்சர் சொல்லல, பொன்னுத்தாயி சொல்லுச்சுன்னு” என்றார். அவரை எனக்கு முன்பும் பிடிக்கும். ஆனால் அந்த நிமிசம் பிடித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு ஒருத்தரையும் பிடித்ததில்லை.

அவர் மறுபடியும் வெயிலுக்குள் இறங்கினார். நேராக மணி தொங்கிய இடத்துக்குப் போய், வாட்ச்மேன் கையிலிருந்த இரும்பை வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகளெல்லாம் உள்ளே வருகிறவரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.